அறுவடை மெஷின் வாடகை பில்: பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை (பைத்தான், டிகேஇன்டர்)

மன்னை_புதுமுகம்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். 12-ஆம் வகுப்புப் பாடத்தில் வந்த பைத்தான்தான் எனக்குத் தெரிந்த மொத்தப் பைத்தானும். விண்டோ, பட்டன் வரையும் டிகேஇன்டர் என்ற பைத்தான் தொகுதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சித்தப்பா இரண்டு அறுவடை மெஷின் வைத்திருக்கிறார், ஒன்று பெல்ட் வண்டி, ஒன்று டயர் வண்டி. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் இரண்டும் நிற்காமல் ஓடும். டிரைவர் அண்ணன்கள் நோட்டில் எழுதிவரும் நேரத்தைப் பார்த்துச் சித்தி கால்குலேட்டரில் தட்டித் துண்டுச் சீட்டில் பில் எழுதுவார். அந்த வேலையைச் செய்ய ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். விவசாயி பெயர், எத்தனை மணி நேரம், எந்த வண்டி, கீழே "பில் போடு" என்று ஒரு பட்டன். விண்டோ அழகாக வருகிறது. பட்டனை அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருகிறது, அவ்வளவுதான். தொகை வரவில்லை, எரரும் வரவில்லை. பைத்தானோடு வரும் எடிட்டரான ஐடிலில் எஃப்5 அழுத்தித்தான் ஓட்டுகிறேன்.

ஷெட்டில் இருக்கும் லேப்டாப்பில் நெட் கிடையாது, போனில் இருந்து எழுதுகிறேன், அதனால் குறிமுறையைத் தமிழ் எழுத்திலேயே தட்டுகிறேன், மன்னிக்கவும். பட்டன் வரி இதுதான்:

பட்டன்(விண்டோ, டெக்ஸ்ட்="பில் போடு", கமாண்ட்=பில்_போடு()).பேக்()

கல்லணை_கால்வாய்

தம்பி, பில்_போடுவுக்குப் பின்னால் இருக்கும் அடைப்புக்குறியை எடு. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதியே எனக்கு வயதாகிவிட்டது.

குடமுருட்டி

அடைப்புக்குறியை ஏன் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் ஃபங்ஷனின் பெயரைப் பட்டனிடம் கொடுத்து வைக்கிறீர்கள், அழுத்தும்போது அது கூப்பிட்டுக்கொள்ளும். அடைப்புக்குறி போட்டால் பட்டன் உருவாகும் அந்த நொடியிலேயே ஃபங்ஷன் ஓடி முடிந்துவிடும், அது திருப்பித் தந்தது எதுவோ அதுதான் பட்டனுக்குப் போய்ச் சேரும். உங்கள் ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது என்பதால் பட்டனுக்குக் கிடைப்பது வெறும் நன், அதாவது "ஒன்றும் இல்லை" என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் பெயர். டிரைவரின் போன் நம்பரைச் சித்தப்பாவிடம் கொடுத்து வைப்பது ஒன்று, நீங்களே இப்போது போன் போட்டுப் பேசிவிட்டு நம்பரைத் தராமல் போவது இன்னொன்று.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. புரோகிராம் திறக்கும்போது எல்லாப் பெட்டியும் காலியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஃபங்ஷன் ஓடியிருந்தால், காலிப் பெட்டியை எண்ணாக மாற்ற முடியாமல் அங்கேயே எரர் கொடுத்து விழுந்திருக்க வேண்டும். எரர் வரவில்லை என்கிறீர்கள். ஃபங்ஷன் உள்ளே என்ன இருக்கிறது?

மன்னை_புதுமுகம்

அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன் அண்ணா, இன்னும் அதேதான், அழுத்தினால் ஒன்றும் இல்லை. (தம்பி இல்லை, தங்கச்சி.)

ஃபங்ஷன் உள்ளே முதல் வரி ட்ரை. அதற்குள் பெட்டியில் இருப்பதை எடுத்து, ஃப்ளோட் (புள்ளி வைத்த எண்) ஆக்கி, மணி வாடகையால் பெருக்கி, லேபிளில் போடுகிறேன். கடைசியில் எக்ஸெப்ட், அதன் கீழே பாஸ், அதாவது எரர் வந்தால் ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போ. இது இருந்தால் புரோகிராம் நடுவில் நிற்காது என்று அந்த வீடியோவில் சொன்னார்கள்.

குடமுருட்டி

அதுதான். எக்ஸெப்ட், பாஸ் இரண்டையும் தூக்கி எறியுங்கள், ட்ரையும் வேண்டாம். அது புரோகிராமை நிற்காமல் காப்பாற்றவில்லை, அதன் வாயைக் கட்டியிருக்கிறது. முதல் நாள் எழுதும் புரோகிராம் எவ்வளவு சத்தமாக விழுகிறதோ அவ்வளவு நல்லது. எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள், ஐடில் விண்டோவில் சிவப்பு எழுத்தில் வருவதை அப்படியே எழுதுங்கள், சுருக்க வேண்டாம்.

கல்லணை_கால்வாய்

மன்னிக்கணும் தங்கச்சி. அந்த வீடியோ போடுகிறவர்களைப் பிடித்து வெண்ணாற்றில் தள்ள வேண்டும்.

மன்னை_புதுமுகம்

வந்தது! முதல் வரி "எக்ஸெப்ஷன் இன் டிகேஇன்டர் கால்பேக்". அதன் கீழே "ட்ரேஸ்பேக், மோஸ்ட் ரீசன்ட் கால் லாஸ்ட்". அப்புறம் ஏதோ டிகேஇன்டரின் சொந்த ஃபைல் ஒன்றின் பெயர், அதில் ஆயிரத்துச் சொச்சம் வரி எண். அப்புறம் என் ஃபைல், 14-ஆம் வரி. கடைசி வரி: "அட்ரிபியூட் எரர்: 'நன்டைப்' ஆப்ஜெக்ட் ஹேஸ் நோ அட்ரிபியூட் 'கெட்'". அந்த டிகேஇன்டர் ஃபைலை நான் தொடவே இல்லை, அதில் ஏன் தப்பு வருகிறது?

குடமுருட்டி

அதில் தப்பு இல்லை. சிவப்பு எழுத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள். கடைசி வரி என்ன நடந்தது என்று சொல்கிறது. அதற்கு மேலே எங்கே நடந்தது. அதற்கும் மேலே, அந்த இடத்தை யார் கூப்பிட்டது. பட்டன் அழுத்தப்பட்டதும் டிகேஇன்டர்தான் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிட்டது, அதனால் அதன் ஃபைல் பெயரும் வரிசையில் வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஃபைல் பெயர் இருக்கும் வரிதான்.

சரி, 14-ஆம் வரியில் நேரப்_பெட்டி.கெட்() என்று இருக்கும். நேரப்_பெட்டி என்பது என்ட்ரி (தட்டும் பெட்டி) அல்ல, நன் என்று பைத்தான் புலம்புகிறது. நேரப்_பெட்டியை உருவாக்கிய வரியைப் பாருங்கள். அந்த வரியின் கடைசியில் .பேக்() ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

மன்னை_புதுமுகம்

ஆமாம் அண்ணா. நேரப்_பெட்டி = என்ட்ரி(விண்டோ).பேக்(). எல்லாப் பெட்டியும் அப்படித்தான்.

குடமுருட்டி

பேக் என்பது பெட்டியை விண்டோவில் பொருத்தும் வேலை. பொருத்திவிட்டு எதையும் திருப்பித் தராது. ஒரே வரியில் எழுதும்போது சமக்குறிக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருவது பெட்டி இல்லை, பேக் திருப்பித் தந்த நன். பெட்டி விண்டோவில் ஒழுங்காகத் தெரியும், அதனால்தான் இது இத்தனை பேரை ஏமாற்றுகிறது. இரண்டு வரியாகப் பிரியுங்கள்: முதல் வரியில் உருவாக்குங்கள், அடுத்த வரியில் நேரப்_பெட்டி.பேக்(). பட்டனுக்கும் வெறும் லேபிளுக்கும் ஒரே வரியில் எழுதினால் பாதகம் இல்லை, அவற்றைப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. தொகை காட்டும் லேபிளை மட்டும் பிரிக்க வேண்டும்.

கீழவீதி_கணக்கர்

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். இதற்கு எதற்குப் புரோகிராம்? எக்ஸெலில் நான்கு காலம் போட்டு ஒரு பெருக்கல் ஃபார்முலா எழுதினால் பத்து நிமிட வேலை. கும்பகோணத்தில் பாதிக் கடை அப்படித்தான் ஓடுகிறது. அப்படியே புரோகிராம்தான் வேண்டும் என்றாலும், 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நிறுத்தப்பட்ட பைத்தான் 2 காலத்திலேயே இந்த டிகேஇன்டர் பழசு. விண்டோ வரைய இன்னொரு தொகுதியான க்யூட்டி படிக்கலாமே?

மன்னை_புதுமுகம்

எக்ஸெல் போன வருடம் போட்டுக் கொடுத்தேன் சார். சித்தப்பா ஃபார்முலா இருந்த கட்டத்திலேயே தொகையைத் தட்டிவிட்டார், அதற்குக் கீழே எல்லாமே நாசம். பூட்டி வைத்தால் "கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடமாட்டேங்குது" என்று நோட்டுக்கே திரும்பிவிட்டார். அப்புறம், எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை.

வடவாறு

டிகேஇன்டர் பழசுதான், யார் இல்லை என்றது. டிசிஎல் மொழியை ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லியில் 1988-இல் எழுதத் தொடங்கினார், அதற்குப் பக்கத்துணையாக வந்த, விண்டோ வரையும் கருவிதான் டிகே. பைத்தான் அதன் மேல் ஒரு போர்வை போர்த்தி வைத்திருக்கிறது. ஆனால் நெட் இல்லாத லேப்டாப்பில் விண்டோஸ் பைத்தானை நிறுவினாலே கூடவே வந்துவிடுகிறது, வேறு எதையும் இறக்க வேண்டியதில்லை. ஆறு பெட்டி, இரண்டு பட்டனுக்கு இது தாராளம். முதல் புரோகிராம் எழுதும் பிள்ளையிடம் பாதி வழியில் வண்டியை மாற்றச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

கீழவீதி_கணக்கர்

சரி சரி, அடிக்காதீர்கள். தொகை வந்ததா என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

மன்னை_புதுமுகம்

வந்துவிட்டது!! சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டு புதுப் பிரச்சனை. ஒன்று, பெல்ட், டயர் என்று இரண்டு ரேடியோ பட்டன் வைத்தேன், திறந்ததுமே இரண்டுமே தேர்ந்தெடுத்த மாதிரி தெரிகிறது. இரண்டு, "தொடங்கு" என்று ஒரு பட்டன் வைத்து அழுத்தினால் நொடிக்கு நொடி கடிகாரம் ஓட வேண்டும் என்று ஒயில் லூப் போட்டு, உள்ளே டைம்.ஸ்லீப்(1) வைத்தேன். அழுத்தியதும் விண்டோ வெளுத்துப்போய் "நாட் ரெஸ்பான்டிங்" என்று மேலே வருகிறது. மூடவும் முடியவில்லை.

வடவாறு

ரேடியோ பட்டன் கதை சுவாரசியமானது. இரண்டையும் ஒரு ஸ்ட்ரிங்வேரோடு (தேர்வை எழுத்தாக வைத்திருக்கும் டிகேஇன்டர் மாறி) கட்டியிருப்பீர்கள், அதற்குத் தொடக்க மதிப்பு கொடுத்திருக்க மாட்டீர்கள். அப்போது அதில் வெற்றுச் சரம், அதாவது எழுத்தே இல்லாத சரம், இருக்கும். டிகேயில் ரேடியோ பட்டனுக்கு "இன்னும் முடிவாகவில்லை" என்று மூன்றாவது நிலை ஒன்று உண்டு, அதற்கு அடையாளமாக வைத்திருப்பதும் வெற்றுச் சரம்தான். இரண்டும் ஒத்துப்போய்விடுவதால் எல்லாப் பட்டனும் அந்த நிலைக்குப் போகின்றன. வண்டி_வகை.செட்("பெல்ட்") என்று ஒரு வரி எழுதுங்கள், சரியாகிவிடும்.

அரசலாறு_1

கடிகாரத்துக்கு த்ரெட் (புரோகிராமுக்குள் பக்கத்தில் தனியாக ஓடும் வேலை) போடு. லூப்பைத் தனி த்ரெட்டில் ஓடவிட்டால் விண்டோ உறையாது.

குடமுருட்டி

தயவுசெய்து வேண்டாம். இன்னொரு த்ரெட்டில் இருந்து லேபிளைத் தொட்டால் சில நாள் ஓடும், சில நாள் காரணம் சொல்லாமல் விழும். அப்படிப்பட்ட தப்பைப் பிடிப்பது நமக்கே கஷ்டம்.

நடப்பது இதுதான். கடைசியில் மெயின்லூப் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ஒரு முடிவில்லாத லூப்தான். மவுஸ் நகர்ந்ததா, விசை அழுத்தப்பட்டதா, விண்டோவை மறுபடி வரைய வேண்டுமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், ஏதாவது வந்தால் அதற்கான ஃபங்ஷனைக் கூப்பிடும், அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்பினால்தான் அடுத்ததைப் பார்க்கும். உங்கள் ஃபங்ஷன் திரும்பவே இல்லை. மூடும் குறியை நீங்கள் அழுத்தியதும் வரிசையில்தான் நிற்கிறது, கவனிக்க ஆள் இல்லை.

ஒயில், ஸ்லீப் இரண்டையும் எடுங்கள். காட்டு என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். லேபிளில் நேரத்தைப் போட்டுவிட்டுக் கடைசி வரியாக விண்டோ.ஆஃப்டர்(1000, காட்டு). 1000 என்பது மில்லிநொடி. "ஒரு நொடி கழித்து என்னை மறுபடி கூப்பிடு" என்று மெயின்லூப்பிடம் சொல்லிவிட்டு ஃபங்ஷன் உடனே முடிந்துவிடும். இங்கேயும் காட்டு என்பதற்கு அடைப்புக்குறி போடக்கூடாது, போட்டால் அது தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு ரிகர்ஷன் எரரில் போய் நிற்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் நொடி = நொடி + 1 என்று கூட்டாதீர்கள். ஆஃப்டர் சொன்ன நேரத்துக்கு அப்புறம்தான் கூப்பிடும், மிகச் சரியாகக் கூப்பிடும் என்று உறுதி இல்லை, அந்தச் சின்னத் தாமதங்கள் சேர்ந்துகொண்டே போகும், லேப்டாப் தூங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். தொடங்கிய நேரத்தை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு, இப்போதைய நேரத்தில் இருந்து கழித்துக் காட்டுங்கள்.

துறைப்பூண்டி_உழவன்

குறுக்கே வருகிறேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, மகன் இந்தத் திரியைக் காட்டினான். மெஷின் ஓடுவது வயலில், லேப்டாப் இருப்பது ஷெட்டில். அந்தக் கடிகாரத்தை யார் பார்க்கப் போகிறார்கள் பாப்பா?

மன்னை_புதுமுகம்

... அதை நான் யோசிக்கவே இல்லை ஐயா. வீடியோவில் பார்த்ததும் வைக்கத் தோன்றியது. ஆஃப்டர் போட்டு அழகாக ஓடுகிறது, ஆனால் எடுத்துவிடுகிறேன்.

அதைவிடப் பெரிய பிரச்சனை இப்போது. தொகை தப்பாக வருகிறது. டயர் வண்டிக்கு மணிக்கு 2400 என்று வைத்துப் போன வருட நோட்டில் இருந்து ஒரு பில்லைப் போட்டுப் பார்த்தேன். சித்தி எழுதிய பில் 4200. என் புரோகிராம் 3480 என்கிறது. சித்தி "உன் கம்ப்யூட்டரை வைத்தால் டீசலுக்குக்கூடத் தேறாது" என்கிறார். பெருக்கலை நூறு தடவை பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

அரசலாறு_1

ரேடியோ பட்டனில் வேறு வண்டியின் வாடகை எடுக்கிறதோ? பிரின்ட் போட்டுப் பாருங்கள்.

வடவாறு

3480-ஐ 2400-ஆல் வகுத்தால் 1.45. சரியான வாடகைதான் எடுத்திருக்கிறது. நேரம் 1.45 என்றுதானே தட்டினீர்கள்? கணக்கில் தப்பே இல்லையே.

துறைப்பூண்டி_உழவன்

1.45 என்றால் ஒன்றே முக்கால் மணி. டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருப்பான். 2400-க்கு ஒன்றே முக்கால் 4200, சித்தி போட்டதுதான் சரி.

வடவாறு

அட!

குடமுருட்டி

ஐயா ஒரே வரியில் முடித்துவிட்டார், நாங்கள் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஃப்ளோட்டுக்கு 1.45 என்பது ஒரு மணியும் அதில் நூற்றுக்கு 45 பங்கும், அதாவது 87 நிமிடம். நோட்டில் இருப்பது 105 நிமிடம். பைத்தான் எரர் கொடுக்காது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு இது நல்ல எண்.

சரி, புள்ளிக்கு முன்னால் இருப்பது மணி, பின்னால் இருப்பது நிமிடம் என்று பிரிக்கலாம். ஆனால் கவனம்: முதலில் ஃப்ளோட் ஆக்கிவிட்டு அப்புறம் பிரித்தால் 2.30 என்பது 2.3 ஆகிவிடும், புள்ளிக்குப் பின்னால் கிடைப்பது 3, அரை மணி நேரம் மூன்று நிமிடமாகச் சுருங்கிப்போகும். பெட்டியில் இருந்து வந்த சரத்தையே ஸ்ப்ளிட் செய்ய வேண்டும். அதற்கப்புறம் எல்லாவற்றையும் நிமிடமாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 2400-ஐ 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 40 ரூபாய். 105 பெருக்கல் 40, 4200.

துறைப்பூண்டி_உழவன்

அவசரப்படாதீர்கள். பெல்ட் வண்டி டிரைவரும் கடிகாரம் பார்த்துத்தான் எழுதுகிறானா என்று கேட்டுக்கொள் பாப்பா. எங்கள் ஊருக்கு வரும் வண்டியில் டேஷ்போர்டில் இருக்கும் மணி மீட்டரைப் பார்த்து எழுதுகிறார்கள். அதில் கடைசி எண் பத்தில் ஒரு பங்கு. மீட்டரில் 1.3 ஓடியது என்றால் ஒரு மணி 18 நிமிடம், ஒன்றரை மணி இல்லை. போன தையில் இதனால் எங்கள் தெருவில் சண்டையே வந்தது.

மன்னை_புதுமுகம்

ஐயா, கேட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே! டயர் வண்டி அண்ணன் கைக்கடிகாரம். பெல்ட் வண்டி அண்ணன் மீட்டர். அவர் தொடங்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று என்று மீட்டர் எண்ணை எழுதுகிறார், 2318.4, 2320.1 என்று. சித்திக்கு இது தெரியும், யார் கையெழுத்து என்று பார்த்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுவாராம். யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

வடவாறு

அப்படியானால் "நேரம்" என்ற ஒற்றைப் பெட்டியை எடுத்துவிடுங்கள். டயர் என்று தேர்ந்தெடுத்தால் மணி, நிமிடம் என்று இரண்டு பெட்டி, நிமிடப் பெட்டி அம்புக்குறியை அழுத்தினால் 0 முதல் 59 வரை நகரும் ஸ்பின்பாக்ஸ். தட்டும்போது 75 என்றுகூட அடிக்கலாம் என்பதால் ஃபங்ஷனிலும் ஒருமுறை சோதியுங்கள். பெல்ட் என்று தேர்ந்தெடுத்தால் தொடக்க மீட்டர், முடிவு மீட்டர்.

மீட்டரில் இன்னொரு குழி இருக்கிறது. 2320.1-இல் இருந்து 2318.4-ஐக் கழித்தால் பைத்தானில் 1.7 வராது, 1.6999 என்று வால் நீளும். பத்தில் ஒரு பங்கு என்பதைக் கணினியின் இருமக் கணக்கில் மிச்சமில்லாமல் எழுத முடியாது, அதனால் வரும் வால். அதை 60-ஆல் பெருக்கி இன்ட் போட்டால், புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டுப்பட்டு, 102 நிமிடம் 101 ஆகும். பில்லுக்கு ஒரு நிமிடம் போனால் சித்தி மறுபடி உங்களைத் தேடி வருவார். புள்ளியை எடுத்துவிட்டு முழு எண்ணாகக் கழியுங்கள்: 23201 கழித்தல் 23184, 17. பத்தில் ஒரு மணி என்பது 6 நிமிடம், 17 பெருக்கல் 6, 102.

கீழவீதி_கணக்கர்

மணிக்குப் பதிலாக மா கணக்கில், அதாவது நில அளவை வைத்து, வாடகை பேசினால் என்ன செய்வீர்கள்? எங்கள் பக்கம் சிலர் அப்படிப் பேசுகிறார்கள்.

துறைப்பூண்டி_உழவன்

குழி என்ற சின்ன நில அளவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது வாய்க்கணக்கு. குழி 144 சதுர அடி, மூன்று மா 43,200, ஏக்கர் 43,560. நிமிடம் மாதிரியே சின்ன அளவில் வைத்தால் சண்டை வராது.

குடமுருட்டி

ஐயாவை யாராவது வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, இந்த இடத்தில் ஒரு வேலை செய்யுங்கள், இதற்கு மேல் எதைச் சேர்ப்பதற்கும் முன்னால். இப்போது பில்_போடு ஃபங்ஷன் பெட்டியில் இருந்து எடுக்கிறது, கணக்கும் போடுகிறது, லேபிளிலும் எழுதுகிறது. கணக்கை மட்டும் பிரித்துத் தனி ஃபைலில் வையுங்கள்: நிமிடத்தைக் கொடுத்தால் தொகையைத் திருப்பித் தரும் ஃபங்ஷன், இரண்டு மீட்டர் எண்ணைக் கொடுத்தால் நிமிடத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். அந்த ஃபைலில் டிகேஇன்டர் என்ற சொல்லே வரக்கூடாது. பிறகு போன வருட நோட்டை எடுத்து, சித்தி போட்ட பில்களை ஒவ்வொன்றாக அதற்குக் கொடுத்துப் பாருங்கள், விண்டோவே திறக்காமல். சித்தியின் தொகையும் அதன் தொகையும் எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் சித்தியிடம் போய்க் கேளுங்கள். உங்கள் கையில் ஒரு வருடத்துச் சரியான விடைகள் இருக்கின்றன, எங்களுக்கெல்லாம் ஆபீசில் அது கிடைப்பதே இல்லை.

மன்னை_புதுமுகம்

போட்டுப் பார்த்தேன் அண்ணா. எல்லாம் ஒத்துப்போகிறது, சிலது மட்டும் மாறுகிறது. அதில் ஒன்று சித்தி சொந்தக்காரருக்குக் குறைத்துப் போட்டதாம். இரண்டு, நள்ளிரவைத் தாண்டி ஓடியது: டயர் வண்டி அண்ணன் ஓட்டிய நேரத்தை எழுதாமல் 11.20 முதல் 12.50 வரை என்று எழுதியிருக்கிறார், நான் அதை 23.20, 0.50 என்று தட்ட, கழித்தல் குறி வந்தது. நிமிடம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் 1440 கூட்டு என்று சேர்த்தேன். சரியா?

குடமுருட்டி

சரி. 24 மணிக்கு மேல் ஒரே வயலில் ஓடப்போவதில்லை என்பதால் போதும்.

மன்னை_புதுமுகம்

பில்லைச் சேமிக்கும்போது இப்போது "சார்மேப் கோடெக் கான்ட் என்கோட்" என்று எரர். பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் வரவில்லை, தமிழில் தட்டினால் வருகிறது. விண்டோவில் தமிழ் நன்றாகத்தான் தெரிகிறது.

வடவாறு

திரையில் தெரிவது வேறு, ஃபைலில் எழுதுவது வேறு. விண்டோஸில் ஓப்பன் என்று சும்மா திறந்தால், அந்தக் கணினியின் பழைய எழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் கிடையாது. என்கோடிங்="யுடிஎஃப்-8" என்று கொடுங்கள், அந்த முறையில் தமிழும் அடங்கும். அந்த ஃபைலைச் சித்தப்பா எக்ஸெலில் திறப்பார் என்றால் "யுடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸெல் பெயரையெல்லாம் கோழி கிளறினாற்போல் காட்டும்.

கூடவே ஒன்று: பெயருக்குப் பின்னால் இடைவெளி நிரப்பி வரிசையை நேராக்கப் பார்க்காதீர்கள். "நெல்" என்பது நமக்கு இரண்டு எழுத்து, பைத்தானின் லென் 4 என்று சொல்லும், ந, கொம்பு, ல, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுவதால். பட்டியல் காட்ட ட்ரீவியூ (டிகேஇன்டரின் அட்டவணை) வையுங்கள், காலம் தானாக நேராக நிற்கும்.

அரசலாறு_1

என் உபுண்டுவில் இதே மாதிரி ஒன்று எழுதிப் பார்த்தேன், "கொள்முதல்" என்று லேபிளில் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி எங்கேயோ நிற்கிறது. விண்டோஸில் சரியாக வருகிறதே?

வடவாறு

விண்டோஸில் எழுத்தைக் கோத்துக் காட்டும் வேலையை விண்டோஸே செய்துவிடுகிறது. லினக்ஸில் டிகே 8.6 ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் அப்படியே வரைகிறது. லினக்ஸ்தான் வேண்டும் என்றால் அப்போது க்யூட்டி, அது ஹார்ஃபபஸ் என்ற எழுத்துக் கோக்கும் தொகுதியை வைத்துக் கோத்துக்கொள்ளும். கீழவீதியார் சந்தோஷப்படலாம்.

கீழவீதி_கணக்கர்

பட்டேன்.

மன்னை_புதுமுகம்

கடைசி. சித்தப்பாவுக்குக் கறுப்பு விண்டோ கூடவே வருவது பிடிக்கவில்லை, ஃபைல் பெயரைப் .பைடபிள்யூ என்று மாற்றினேன், கறுப்பு விண்டோ போய்விட்டது. இப்போது ஏதாவது தப்பு என்றால் முதல் நாள் மாதிரியே பட்டன் சும்மா இருக்கிறது.

குடமுருட்டி

எரர் எழுத இடமே இல்லாமல் போய்விட்டது, அதனால்தான். விண்டோ.ரிப்போர்ட்_கால்பேக்_எக்ஸெப்ஷன் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கொடுக்கலாம், அது மூன்று மதிப்புகளை வாங்கும். அதற்குள் ட்ரேஸ்பேக்கை ஒரு ஃபைலில் தேதியோடு எழுதிவிட்டு, மெசேஜ்பாக்ஸில் சித்தப்பாவுக்குப் புரியும்படி தமிழில் ஒரு வரி காட்டுங்கள். விடுமுறைக்கு வரும்போது அந்த ஃபைலைத் திறந்தால் என்னென்ன நடந்தது என்று தெரியும். காலிப் பெட்டிக்கும் எண் அல்லாததற்கும் மட்டும் தனியாக வேல்யூஎரர் பிடித்து "நேரத்தைத் தட்டுங்கள்" என்று காட்டுங்கள். மற்றதைப் பிடிக்காதீர்கள்.

மன்னை_புதுமுகம்

செய்துவிட்டேன். மெசேஜில் "பாப்பாவுக்குப் போன் போடவும்" என்று வைத்திருக்கிறேன். சித்தி இரண்டு பில் போட்டுப் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் அச்சடித்து வருமா என்று கேட்கிறார். கடையில் இருக்கிற மாதிரி சின்ன பிரின்டர் வாங்கினால் தமிழில் வருமா?

வடவாறு

பிரின்டருக்கு நேராக எழுத்தை அனுப்பினால் தமிழ் வராது, அதன் உள்ளே இருக்கும் எழுத்துப் பட்டியலில் பொதுவாகத் தமிழ் இருக்காது. விண்டோஸ் டிரைவர் வழியாக அனுப்பினால் படமாக மாற்றி அடித்துவிடும். வாங்குவதற்கு முன்னால் டிரைவர் சிடியோ ஃபைலோ கையில் வருகிறதா என்று பாருங்கள், ஷெட்டில் நெட் இல்லை. வாங்கியதும் புதுத் திரி தொடங்குங்கள், இது நீண்டுவிட்டது.